லோயிஸ் டிக்ஸன் ரைஸ்: பணத்தை மாணவர் கையில் கொடுக்கச் சொன்னவர் (கேள்வி பதில்)

அமெரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போக மத்திய அரசு தரும் உதவித்தொகைக்குப் பெல் கிராண்ட் என்று பெயர். கடன் கிடையாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இன்று ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதை வாங்குகிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு கருப்பினப் பெண்மணியின் உழைப்பு இருக்கிறது. பெல் கிராண்டின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். மகள் பிரபலமானதால் அம்மாவின் பெயர் பின்னால் போய்விட்டது. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும், நான் படிக்கப் போய் எனக்கே எழுந்த சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

லோயிஸ் டிக்ஸன் ரைஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1933இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் பிறந்தார். 1954இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1959இல் காலேஜ் போர்டு என்ற அமைப்பில் சேர்ந்து, அதன் துணைத் தலைவராகி, வாஷிங்டன் அலுவலகத்தை நடத்தினார். 1972இல் பெல் கிராண்ட் சட்டமாக உழைத்தவர்களில் முக்கியமானவர். பிறகு ஒரு கணினி நிறுவனம், அதன்பின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம். 2017 ஜனவரியில் வாஷிங்டனில் காலமானார்.

புஷ் காலத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்த கொண்டலீசா ரைஸுக்கு உறவா?

இல்லை. ஒபாமா காலத்தில் ஐ.நா. தூதராகவும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்த சூசன் ரைஸின் அம்மா இவர். லோயிஸின் முதல் கணவர் எம்மெட் ரைஸ், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுவில் இடம்பெற்ற இரண்டாவது கருப்பினத்தவர்.

சொந்த வாழ்க்கையில் உதவித்தொகையின் அருமை இவருக்குத் தெரியுமா? இல்லை, வசதியான வீட்டிலிருந்து வந்தவரா?

நன்றாகவே தெரியும். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு இசைக்கருவிகள் விற்கும் கடையில் எடுபிடி வேலை. துப்புரவும் அதில் சேர்த்தி. அம்மா தையல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்தவர். போர்ட்லேண்டில் கருப்பினக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தன. ஐந்து பிள்ளைகள். லோயிஸ் கடைக்குட்டி.

நான்கு அண்ணன்களும் அதே மாநிலத்தில் இருந்த பௌடின் கல்லூரியில் படித்தார்கள். இரண்டு பேர் மருத்துவர், ஒருவர் கண் பரிசோதகர், இன்னொருவர் பின்னாளில் நியூஜெர்சியின் மான்ட்கிளேர் அரசுக் கல்லூரியின் தலைவர். நம்ம ஊரில் ஒரு பையன் இன்ஜினியர் ஆனாலே தெரு முழுக்கப் பேசுவார்கள். ஒரு கடைப் பணியாளர் வீட்டில் நான்கு பேரும் இப்படி என்றால் அந்த ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் கடைக்குட்டிக்கு அந்த வழி இல்லை. பௌடின் அப்போது ஆண்கள் கல்லூரி. 1970களின் தொடக்கத்தில்தான் பெண்களைச் சேர்த்தது. லோயிஸ் பள்ளியில் முதலிடம், மாணவர் தலைவியும்கூட. அண்ணன்கள் போன பாதை அவருக்கு அடைபட்டிருந்ததால், ஹார்வர்டோடு ஒட்டியிருந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபுக்குப் போனார். வரலாறும் இலக்கியமும் படித்தார். அங்கேயும் மாணவர் தலைவி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இப்படி மேலே வந்தவர்கள் எல்லோருமே யாரோ ஒருவரின் கண்ணில் பட்டதால் வந்தவர்கள். ஒரு தலைமையாசிரியர், ஒரு பாதிரியார், கல்லூரியில் ஓர் அதிகாரி. கண்ணில் படாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. லோயிஸின் வாழ்நாள் வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், யார் கண்ணிலும் படாத பிள்ளைக்கும் பணம் கிடைக்க வழி செய்தது என்பேன்.

முதல் வேலை என்ன?

நியூயார்க்கில் ஓர் அமைப்பு இருந்தது. அதன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'நீக்ரோ மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைச் சேவையும் நிதியமும்'. அந்தச் சொல் இப்போது யாரும் வாயில் எடுக்காத சொல். அன்றைக்கு அதுதான் வழக்கு. 1940களின் பிற்பகுதியில் தொடங்கியது. கருப்பின மாணவர்களைத் தேடிப் பிடித்து, எல்லா இனத்தவரும் படிக்கும் கல்லூரிகளில் இடமும் உதவித்தொகையும் வாங்கித் தருவது அதன் வேலை. 1953 முதல் 1955 வரை தென் மாநிலங்களின் பள்ளிகளுக்கே போய் ஆள் தேடினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது எவ்வளவு சங்கடமான வேலை என்று புரியும்.

லோயிஸ் அங்கே மாணவர் ஆலோசனைப் பிரிவின் இயக்குநராக இருந்தார். எந்தக் கல்லூரி உன்னைச் சேர்த்துக்கொள்ளும், எவ்வளவு செலவாகும், மீதிக்கு என்ன வழி. இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதில் தேடுகிற வேலை. ஊர் ஊராய் ஒருத்தர் ஒருத்தராய்ச் சேர்த்துவிடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை உள்ளிருந்து பார்த்தவர் என்பதால்தான், பின்னாளில் தேசம் முழுமைக்கும் ஒரே விதி வேண்டும் என்ற பக்கம் நின்றார் என்பது என் ஊகம்.

காலேஜ் போர்டு என்றால் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு நடத்துகிறவர்கள்தானே? உதவித்தொகைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

தேர்வு நடத்துகிறவர்களேதான். ஆனால் அவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு குடும்பம் தன் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் போடுவது. இதற்காக 1954இல் ஒரு தனிப் பிரிவே தொடங்கினார்கள். அதற்கு முன், நல்ல மாணவனை இழுக்கக் கல்லூரிகள் ஏலம் கேட்பதுபோலப் பணத்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தன. வசதியுள்ள வீட்டுப் பையனுக்கும் பணம் போனது. வருமானம், சொத்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, தேவைக்கு ஏற்பக் கொடுப்பது என்ற வழக்கம் இங்கிருந்துதான் பரவியது.

இந்தக் கணக்கு முறையை உருவாக்கியதில் ஹார்வர்டின் ஜான் மன்றோவுக்குப் பெரிய பங்கு. சின்னக் கிளைக்கதை: ஹார்வர்ட் கல்லூரியின் டீனாக இருந்த அவர் 1967இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, அலபாமாவின் பர்மிங்காம் பக்கத்தில் இருந்த மைல்ஸ் என்ற சிறிய கருப்பினக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டார். ஃபார்முலா போடுகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

சரி, லோயிஸ் 1959இல் இந்த அமைப்புக்குள் வந்தார். அவருக்குக் கிடைத்த ஆயுதம் இந்தக் கணக்குதான். எந்த வருமானத்தில் இருக்கும் குடும்பத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவு துண்டு விழும் என்ற விவரம் அன்றைக்கு அரசாங்கத்தைவிட இவர்கள் கையில்தான் அதிகம் இருந்தது.

1972க்கு முன்னால் அரசு உதவியே இல்லையா?

இருந்தது. 1965 நவம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சஸ் கல்லூரியில் வைத்தே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஏழை மாணவர்களுக்கு மானியம் உண்டு. ஆனால் பணம் கல்லூரிக்குப் போகும். யாருக்கு எவ்வளவு என்று கல்லூரி அலுவலகம் முடிவு செய்யும். ஒரே வருமானம் உள்ள இரண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்கு ஒரு கல்லூரியில் கிடைக்கும், இன்னொருவனுக்கு வேறு கல்லூரியில் 'நிதி தீர்ந்துவிட்டது' என்பார்கள். பள்ளியில் படிக்கும்போது தனக்கு எவ்வளவு வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரியாத பணத்தை நம்பி எந்த அப்பா பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவார்?

அப்படியானால் 1972இல் நடந்த சண்டை என்ன?

பணம் யார் கையில் என்பதுதான் சண்டை. ஒரு பக்கம் கல்லூரிகளின் சங்கங்கள். "எங்களுக்குச் செலவு ஏறிவிட்டது, மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து எங்களுக்கே நேரடியாகக் கொடுங்கள்" என்பது அவர்கள் கோரிக்கை. பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்கு வலுவான ஆள் ஈடித் கிரீன். ஒரெகன் மாநிலத்துக்காரர், பழைய பள்ளி ஆசிரியை, கல்வித் துணைக்குழுவின் தலைவி. இன்னொரு பக்கம் செனட்டில் ரோட் ஐலண்டின் கிளேபோர்ன் பெல். பரம்பரைப் பணக்காரர். போருக்குப் பின் திரும்பிய ராணுவ வீரர்களைப் படிக்க வைத்த ஜி.ஐ. திட்டம் அவர் மனதில் இருந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் 1,200 டாலர், அதில் அவன் வீட்டால் முடிந்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்பது 1969இல் அவர் தொடங்கிவைத்த யோசனை. மாணவன் எந்தக் கல்லூரிக்குப் போகிறானோ அங்கே பணம் அவனோடு போகும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் வீட்டால் முடிந்ததை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை பேர் தேறுவார்கள், எவ்வளவு செலவாகும், கல்லூரிகள் எப்படி எடுத்துக்கொள்ளும்? இந்த இடத்தில்தான் லோயிஸ் தேவைப்பட்டார். பெல்லோடு சேர்ந்து வேலை செய்தார், காங்கிரஸ் உறுப்பினர்களிடம் வாதாடினார். (காங்கிரஸ் என்றால் இங்கே அவர்களுடைய நாடாளுமன்றம், நம்ம ஊர்க் கட்சி இல்லை.) கல்லூரிகளை உறுப்பினர்களாகக் கொண்ட ஓர் அமைப்பின் சம்பளத்தில் இருந்துகொண்டு, பணத்தைக் கல்லூரிக்குக் கொடுக்காதே, பிள்ளைக்குக் கொடு என்ற யோசனைக்கு வலு சேர்த்தார். எனக்கு இதுதான் அவரிடம் மிகவும் பிடித்தது.

ஈடித் கிரீனை வில்லியாக்கிவிட வேண்டாம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் 9' என்ற விதி அதே 1972 சட்டத்தில் வந்தது. அதற்கு வித்திட்டவர்களில் அவர் முதன்மையானவர். கல்லூரி அலுவலருக்கு மாணவனை நேரில் தெரியும், வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் ஃபார்முலாவுக்கு என்ன தெரியும் என்ற அவர் தரப்பு வாதத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. அதைக் கீழே மறுபடி தொடுகிறேன்.

கடைசியில் பெல் பக்கம் ஜெயித்தது. பள்ளிப் பேருந்துகளில் இனங்களைக் கலந்து அனுப்புவதற்கு எதிரான பிரிவுகளும் அதே மசோதாவில் ஒட்டிக்கொண்டன. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். வாட்டர்கேட் விசாரணையைத் தடுக்கச் சொல்லி அவர் பேசிய பேச்சு ஒலிநாடாவில் பதிவானதும், பின்னால் அது அவர் பதவிக்கே உலை வைத்ததும் தெரிந்திருக்கும். அந்தப் பேச்சும் அதே நாளில்தான்.

அப்போ பெல் கிராண்டை லோயிஸ் ரைஸ்தான் உருவாக்கினார் என்று சொல்லலாமா?

தனியாளாக என்று சொன்னால் மிகை. 1968இல் கிளார்க் கெர் தலைமையில் உயர்கல்வியை ஆராய்ந்த கார்னகி ஆணையம் மாணவர் வழியாக உதவு என்றது. 1969 ஜனவரியில் அரசுக்குள்ளிருந்தே பொருளாதார அறிஞர் ஆலிஸ் ரிவ்லின் தலைமையில் வந்த அறிக்கையும் அதே பக்கம் நின்றது. அரசியல் துணிச்சல் பெல்லுடையது. பல கை சேர்ந்த சமையல்.

ஆனால் சட்டம் வந்ததும் மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். லோயிஸ் போகவில்லை. திட்டத்தைக் காப்பாற்றுவதும் விரிவாக்குவதும்தான் அவர் பெயரை இதோடு ஒட்டியது. முதல் ஆண்டான 1973-74ஐப் பாருங்கள். சட்டப்படி உச்ச வரம்பு 1,400 டாலர். காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தில் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் 452 டாலர். அதுவும் முதலாண்டு முழுநேர மாணவர்களுக்கு மட்டும். அப்படியே விட்டிருந்தால் காகிதத் திட்டமாகவே செத்திருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற வகுப்பினரும் உள்ளே வந்தார்கள், தொகையும் ஏறியது.

எல்லாம் அவர் நினைத்தபடி அமைந்ததா?

இல்லை. சமரசங்கள் உண்டு. பெரியது இது: படிப்புச் செலவில் பாதிக்கு மேல் மானியம் தரக்கூடாது என்று ஒரு விதி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போல இருக்கும். ஆனால் மலிவான கல்லூரியில் படிக்கிற பரம ஏழைக்குத்தான் இதில் அடி. உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் மொத்தச் செலவே கம்மி. அதில் பாதி இன்னும் கம்மி. விலையுயர்ந்த தனியார் கல்லூரிக்குப் போகிறவனுக்கு முழு மானியமும் கிடைத்துவிடும். இந்தப் பாதி விதி பிற்பாடு தளர்த்தப்பட்டு, கடைசியில் எடுக்கப்பட்டது.

இப்போது இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஃபாஃப்சா என்ற இலவச விண்ணப்பம் இருக்கிறது. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். குடும்பத்தின் வருமானம், சேமிப்பு, ஆள் எண்ணிக்கை இவற்றிலிருந்து மாணவர் உதவிக் குறியீடு என்ற எண் வரும். உச்சத் தொகை சில ஆண்டுகளாக 7,395 டாலர். குறியீடு 2,000 என்றால், 7,395இல் 2,000 போக 5,395. அவ்வளவுதான் அடிப்படை. வறுமைக்கோட்டை ஒட்டிய குடும்பங்களுக்கு நேரடியாக முழுத் தொகை. பகுதிநேரமாகப் படித்தால் அதற்கேற்பக் குறையும். வாழ்நாளில் சுமார் 12 பருவங்கள் வரை வாங்கலாம்.

பெல் 1969இல் சொன்னதும் இதே கழித்தல் கணக்குதான். அரை நூற்றாண்டில் மாறாமல் நின்றது அந்த ஒரு வரி.

படிவம் மட்டும் அப்படி இல்லை. நூற்றுக்கு மேல் கேள்விகள் இருந்தன. 2020இல் எளிமையாக்கச் சட்டம் போட்டார்கள். புதிய படிவம் வழக்கமான அக்டோபரில் வராமல் 2023 டிசம்பர் கடைசியில் வந்து, வந்ததும் தடுமாறி, 2024இல் கல்லூரி சேர வேண்டிய பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது. எளிமையாக்கப் போய் இப்படி ஆனதைப் படித்தபோது, வருமானச் சான்றிதழுக்காக அப்பாவோடு தாலுகா அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. படிவமே பாதிப் பேரை வடிகட்டிவிடும் என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

பெல் கிராண்ட் உரிமையா, சலுகையா?

இரண்டுக்கும் நடுவில். தகுதி இருக்கிற எல்லோருக்கும் கிடைக்கிறது என்ற அளவில் உரிமைபோல. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் காங்கிரஸ் பணம் ஒதுக்கினால்தான் உண்டு. ஓய்வூதியம்போலத் தானாக ஓடாது. உச்சத் தொகை எவ்வளவு என்பதும் ஆண்டுக்காண்டு அரசியல்.

விளைவு கண்கூடு. 1970களின் நடுவில் முழு பெல் கிராண்ட், நான்காண்டு அரசுக் கல்லூரியின் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கியது. இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டாலர் எண்ணிக்கை ஏறியது, கட்டணம் அதைவிட வேகமாக ஏறியது. நடுவில் விழுந்த பள்ளத்தைக் கல்விக்கடன் நிரப்பியது. 1977இலேயே மாணவர் கடன்களின் சிக்கல்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை லோயிஸ் பதிப்பித்திருக்கிறார். கடன் இப்படிப் பெருகும் என்ற கவலை அன்றைக்கே பேச வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது.

1981இல் ஏன் காலேஜ் போர்டை விட்டார்? அப்புறம் என்ன செய்தார்?

கன்ட்ரோல் டேட்டா என்ற கணினி நிறுவனத்துக்கு அரசுத் தொடர்புகளுக்கான மூத்த துணைத் தலைவராகப் போனார். மினியாபொலிஸ் பக்கத்து நிறுவனம்; கணினி வழிக் கல்வியில் அப்போதே ஈடுபட்டிருந்தது. பத்தாண்டு அங்கே. பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களிலும் இடம்பெற்றார். 1990களின் தொடக்கத்திலிருந்து புரூக்கிங்ஸில் ஆய்வாளர். அங்கே கல்விச் சமத்துவத்தோடு, தொழில்நுட்ப வேலைகளில் சிறுபான்மையினர் ஏன் இவ்வளவு குறைவு என்பதிலும் கவனம் வைத்தார். இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை; அவர் கதையின் உயிர் 1955க்கும் 1981க்கும் இடையில் இருக்கிறது.

மகன் ஜான் ரைஸ், கருப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களை உயர் பதவிகளுக்குத் தயார்படுத்தும் அமைப்பு ஒன்றை நிறுவினார். அம்மாவின் முதல் வேலையை மகன் வேறொரு படியிலிருந்து தொடர்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கோட்டு சூட்டுப் போட்ட அலுவலகத்தில் இருந்தவரை எப்படிச் சமூகத்துக்காகப் போராடியவர் என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. 1960களில் தெருவில் அடி வாங்கியவர்கள் வேறு. அவர்களோடு இவரை ஒப்பிடக்கூடாது. ஆனால் தெருவில் கேட்டதைச் சட்ட வாசகமாக எழுத ஒருவர் வேண்டும். கழிக்கும் தொகையில் நூறு டாலர் கூடினால் எத்தனை குடும்பம் வெளியே விழும் என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் இல்லாவிட்டால், அந்த நூறு டாலர் சத்தமில்லாமல் கூடிவிடும். அப்போதைய கல்விக் கொள்கை அறைகளில் கருப்பினப் பெண் என்று தேடினால் பெரும்பாலும் இவர் ஒருவர்தான் இருந்திருப்பார்.

திட்டத்துக்கு ரைஸ் பெயர் ஏன் வைக்கவில்லை?

முதலில் யார் பெயரும் இல்லை. 'அடிப்படைக் கல்வி வாய்ப்பு மானியம்' என்று இருந்தது. 1980இல்தான் பெல் பெயர் வந்தது. சட்டங்களுக்கு வாக்குப் போடுகிறவர் பெயர் வரும், வாக்குகளைச் சேர்த்துக் கொடுத்தவர் பெயர் வராது. ஊர் வழக்கமே அதுதான்.

இந்தத் துறையில் இன்றைக்கு வேலை எப்படி இருக்கும்?

ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரியிலும் நிதி உதவி அலுவலகம் இருக்கும். படிவங்களைச் சரிபார்ப்பது, உதவித் தொகுப்பைத் தயார் செய்வது, வாசலில் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது. மேலே ஈடித் கிரீன் தரப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கே வருகிறது. ஃபாஃப்சா கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை. அதற்குப் பிறகு அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம், அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கலாம். ஃபார்முலாவுக்கு அது தெரியாது. ஆவணங்களைப் பார்த்து எண்களைத் திருத்தச் சட்டமே அலுவலருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள், வந்த எண்ணைப் பார்த்து மனம் உடைந்து உட்காராமல் அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெல் கிராண்ட் கிடைக்குமா?

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால், குடும்ப வருமானம் பொருந்தினால், கிடைக்கும். அகதியாக ஏற்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குக் கிடையாது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் போன பெற்றோரோடு, குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் வந்து, அங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் பெற்றோர் வருடக்கணக்கில் நிற்க, பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்துவிடும். நியாயமே இல்லைதான், சட்டம் அப்படி இருக்கிறது.

சிறையில் இருப்பவர்களுக்கு 1994இல் நிறுத்தினார்கள். 2023 ஜூலையிலிருந்து மறுபடி உண்டு. எட்டு முதல் பதினைந்து வாரம் வரையிலான தொழிற்பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை முதல் தர 2025இல் சட்டம் வந்திருக்கிறது.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து போகிற மாணவருக்கு வேறு வழியே இல்லையா?

மத்திய அரசுப் பணம் இல்லை. கல்லூரியின் சொந்தப் பணம் உண்டு. சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரையும், பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு தேவை முழுவதையும் தாங்களே ஈடுகட்டுகின்றன. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆனால் கிடைத்தால் செலவு பயமில்லை. குடும்ப வருமான விவரத்தைப் பெரும்பாலும் காலேஜ் போர்டின் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தில்தான் கேட்பார்கள். 1954இல் தொடங்கிய அதே பிரிவின் வாரிசு அது. அதற்குக் கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்டுக் கல்லூரிக்கே எழுதலாம்.

ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் 2022இல் சேர்ந்த இன்னொரு கல்லூரியையும் குறித்துக்கொள்ளுங்கள்: மெய்ன் மாநிலத்தின் பௌடின். அண்ணன்கள் நான்கு பேரும் படித்து, தங்கைக்கு மட்டும் கதவு திறக்காத அதே கல்லூரி.